யாரும் ஊதாத விசில்

"ஊதினது யாருன்னு தெரியற வரைக்கும் இந்த வீட்டுல ஒருத்தரும் பல்லு விளக்கக் கூடாது!"

குளியலறை வாசலில் இரண்டு கைகளையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றார் கோச். எதிரே பிரஷ்ஷோடு மனைவி. அவளுக்குப் பின்னால், தோளில் துண்டோடு மகள்.

"ஏங்க, நாங்க பல்லு விளக்கறதுக்கும் உங்க விசிலுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றாள் மனைவி.

"என் விசில் இல்லடி! எவனோ ஊதின விசில்!"

"சரி, எவனோ ஊதின விசில். பேஸ்ட் காயுது, நகருங்க."

நகர்ந்தார். மனம் இரங்கி அல்ல. நின்றபடியே கண் சொக்கி, தலை கதவில் இடித்ததால் நகர்ந்தார். இடித்த கதவையும் ஒரு முறை முறைத்தார்.

வெளியுலகத்துக்கு அவர் பேருந்துப் பணிமனையின் நேரக் காப்பாளர். அதிகாலை நான்கரைக்கெல்லாம் வாசலில் நின்று, முதல் வண்டியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே அனுப்பவேண்டிய வேலை. ஆனால் பதினோரு வருடங்களாக அவரை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. பணிமனைப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர் என்பதால் மேலாளரிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவர் 'கோச் சார்'. கண்டக்டர்கள் மூன்று பேர், டயர் பிரிவில் ஒருத்தி, டிக்கெட் கவுன்ட்டரில் ஒருத்தி என்று அவர் திரட்டிய அணி பதினோரு வருடத்தில் ஒரு கோப்பையைக்கூடத் தொட்டதில்லை. இந்த வருடம் தொடவேண்டியது.

மூன்று நாளில் மூன்று ஆட்டங்கள். நாலரை மணி ஷிப்ட் ஒரு நாளும் தப்பவில்லை. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம் பரப்பி, அடுத்த நாளைக்கு யார் யாரை மறிப்பது என்று அம்புக்குறி போட்டுக்கொண்டிருப்பார். சன்னலோரப் பயணி இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே எவ்வளவு தூங்குவாரோ, அவ்வளவுதான் அந்த மூன்று நாளும் அவர் தூங்கியது.

முந்தாநாள் மாலை இறுதி ஆட்டம். ஒன்பது வினாடி பாக்கி. நம் அணி ஒரு புள்ளி முன்னால். பந்து நம் கேப்டன் நெட்டையின் கையில். பந்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் கோப்பை வீட்டுக்கு வந்துவிடும்.

அப்போதுதான் கேட்டது ஒரு விசில்.

நம் பெண்கள் ஐந்து பேரும் அப்படியே நின்றார்கள். ஒருத்தி தூக்கிய காலைக்கூடக் கீழே வைக்கவில்லை. எதிரணிக்காரிகள் நிற்கவில்லை. அவர்களில் ஒருத்தி, அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுப்பதுபோல நெட்டையின் கையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு, ஓடக்கூடச் செய்யாமல் நடந்துபோய், கூடையில் போட்டாள்.

முடிந்தது கதை.

மாப்பிள்ளை ஆகப்போகிறவன் அந்த ஆட்டத்தில் நடுவராக இல்லாமல் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், நல்ல பையன், மகளுக்கு இரண்டு வருடமாகப் பிடித்தவன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனுடைய பெற்றோர் பெண் பேச வருவதாக ஏற்பாடு. இரண்டு வீட்டைத் தவிர வெளியே யாருக்கும் தெரியாது.

ஆட்டம் முடிந்த கையோடு கோச் அவனுக்குப் போன் போட்டார்.

"நான் ஊதல மாமா."

"மாமான்னு சொல்லாதே."

"நான் ஊதல கோச்."

"நீ ஊதல, நான் ஊதல. அப்ப விசில் தானா ஊதிக்கிச்சா?"



"மாமா... கோச்... நீங்க சாப்பிட்டீங்களா? கொஞ்சம் தூங்கி எந்திரிங்க. அப்புறம் பேசிக்கலாம்."

"நான் விசிலைப் பத்திக் கேட்டா நீ தூக்கத்தைப் பத்திப் பேசறியா? கேட்டுக்கோ! ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுலேர்ந்து யாரும் இந்தப் பக்கம் வர வேண்டாம். தப்பா விசில் ஊதிட்டு ஒத்துக்காதவனுக்கு என் பொண்ணைக் கொடுக்கமாட்டேன்!"

பக்கத்து அறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மகள். கோபத்தில் அவள் அப்படியே அப்பா ஜாடை.

*

வெள்ளிக்கிழமை காலை, முதல் நாற்பது வண்டிகளை அனுப்பிவிட்டு, பணிமனை மைதானத்தில் அணியை வரிசையாக நிற்கவைத்தார் கோச். இடது காலில் கறுப்பு ஷூ, வலது காலில் பழுப்பு ஷூ. யாரும் சொல்லவில்லை. சொல்கிற முகத்தோடு அவர் இல்லை.

கழுத்தில் வழக்கம்போல அந்தப் பித்தளை விசில். குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவார். யோசித்தாலும் கடிப்பார், கோபம் வந்தாலும் கடிப்பார். பேசும்போது சில சமயம் எடுக்க மறந்துவிடுவார். அப்போது அவர் வார்த்தைகளுக்கு நடுவே மெல்லிசாக ஒரு குருவி கத்தும். 'என் கழுத்துல கிடக்கிற சங்கிலி தொலைஞ்சாக்கூட ஒரு வாரம் கழிச்சுத்தான் கேப்பாரு. அந்தக் கயிறு ஒரு நிமிஷம் காணோம்னா வீட்டைத் தலைகீழாக்கிடுவாரு' என்பாள் மனைவி.

"பதினோரு வருஷமா நான் உங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன்?" கோச் ஆரம்பித்தார். "நீ சொல்லு டயர்."

டயர் பிரிவில் வேலை பார்ப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். ஒல்லிப்பெண்.

"அசதியில முதல்ல போறது காலு இல்ல, கவனம்."

"அப்புறம்?"

"கண்ணு பார்க்கும், மூளையில ஏறாது."

"அப்புறம்? மீட்டர், நீ சொல்லு."

டிக்கெட் கவுன்ட்டர் பெண்ணுக்குப் பேச ஆரம்பித்தால் நிற்காது, அதனால் மீட்டர். இன்று அவளே திணறித் திணறித்தான் சொன்னாள். "களைச்சுப்போனவன் யோசிச்சு எதையும் செய்யமாட்டான் சார். கை பழகினதைச் செஞ்சுட்டுப் போயிடும். செஞ்சது அவனுக்கே தெரியாது."

"தெரியாது! அவனுக்கே தெரியாது! நூறு தடவை சொல்லியிருக்கேன். பத்து ரவுண்டு ஓடவிட்டு, மூச்சு வாங்கறப்ப கணக்குக் கேட்டிருக்கேன். எதுக்கு? கடைசி நிமிஷத்துல நீங்க முட்டாத்தனம் பண்ணக் கூடாதுன்னுதானே? அத்தனையும் சொல்லிக்கொடுத்தும், ஏன் நின்னீங்க?"

ஐவரும் தரையைப் பார்த்தார்கள்.

"நெட்டை! கேப்டன் நீ. பந்து உன் கையில. ஏன் நின்னே?"

"விசில் கேட்டுச்சு சார்."

"விசில் அவங்களுக்கும்தான் கேட்டுச்சு! அவங்க நின்னாங்களா? நீங்க அஞ்சு பேரு மட்டும் ஏன் பொம்மை மாதிரி நின்னீங்க?"

நெட்டை நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். டயர் அவள் முழங்கையில் இடித்தாள். நெட்டை வாயை மூடிக்கொண்டாள்.

"நீங்க போய்த் தூங்குங்க சார்" என்றாள் கடைசியில்.

கோச்சுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "ஊருல உள்ளவன் எல்லாம் என்னைத் தூங்கச் சொல்றான்! தோத்தது நீங்க, தூங்கவேண்டியது நானா? நெட்டை, நீ இன்னியிலேர்ந்து அணியில இல்ல."

"அவ இல்லன்னா நானும் இல்ல சார்" என்றாள் டயர்.

"நானும்" என்றாள் மீட்டர்.

மிச்சம் இருந்த இருவரும் வாயால் சொல்லவில்லை; காலணிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள். ஒரே நிமிடத்தில் பதினோரு வருட அணி காலி.

"நில்லுங்கடி!" என்று கத்தி ஒரு விசில் ஊதினார் கோச்.

ஐவரும் இருந்த இடத்திலேயே நின்றார்கள். அது மட்டும் மாறவில்லை. கண்டக்டர் ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்கவேண்டும், இரண்டு ஊதினால் கிளம்பவேண்டும் என்பது பணிமனைப் பழக்கம். அதையே கோச் மைதானத்துக்கும் கொண்டுவந்திருந்தார். பயிற்சியில் யாராவது தப்பு செய்தால் ஒரு விசில். அத்தனை பேரும் அசையாமல் நிற்க, அவர் நடந்துபோய், 'இந்தக் கை இங்கே இருக்கணும், இந்தக் கால் அங்கே இருக்கணும்' என்று திருத்துவார். திருத்திவிட்டு இரண்டு விசில்.

இப்போது எதற்கு நிறுத்தினோம் என்பது அவருக்கே மறந்துவிட்டது. கொஞ்ச நேரம் அவர்களையே வெறித்துப் பார்த்தார். பிறகு விடுவிடுவென்று பணிமனை வாசலை நோக்கி நடந்தார்.

மீட்டர் கண்ணை மட்டும் அசைத்தாள். "அக்கா, ரெண்டு விசில் ஊதாமப் போறாருக்கா. நம்ம எவ்வளவு நேரம் இப்படியே நிக்கறது?"

"பேசாம நில்லுடி" என்றாள் நெட்டை. "திரும்பிப் பார்த்தாலும் பார்ப்பாரு."

*

வாசல் மேசைக்குப் போய் உட்கார்ந்ததும் அவருக்குப் புது யோசனை ஒன்று பிறந்தது. அன்று ஆட்டம் பார்க்கப் பணிமனைக் கண்டக்டர்கள் நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். நாற்பத்தொரு பேர் பையிலும் விசில். பழக்கதோஷத்தில் எவனாவது ஊதித் தொலைத்திருந்தால்?

"அந்தச் சத்தம் இன்னும் என் காதுலயே நிக்குது" என்றார் வாசல் காவலரிடம். டயரின் கணவர்தான் அவர். இரண்டு பேச்சுக்கு ஒரு தலையாட்டல்தான் அவர் பதில். "கேட்டா உடனே சொல்லிடுவேன். எல்லாரோட விசிலையும் வாங்கு."

எட்டு மணி ஷிப்ட் கிளம்பும் நேரம். காவலர் ஒரு தகர டப்பாவில் நாற்பத்தொரு விசிலையும் வாங்கி வந்து வைத்தார். கோச் ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்து ஊதினார்.

வாசலைத் தாண்டப்போன வண்டி சடக்கென்று நின்றது.

"இது இல்ல" என்றார். அடுத்ததை எடுத்து, சந்தேகத்துக்கு இரண்டு முறை ஊதினார். நின்ற வண்டி கிளம்பியது. பின்னால் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்த வண்டியும் பழக்கத்தில் ஓரடி நகர்ந்தது. டயர் பிரிவிலிருந்து நாலு பேர் ஒரே குரலில் கெட்ட வார்த்தை சொன்னார்கள்.

"இதுவும் இல்ல."

பதினைந்தாவது விசிலில் வாசலில் ஒன்பது வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஓட்டுநர்கள் சன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள்.

"கோச் சார்! நிக்கணுமா, போகணுமா? ஒண்ணு சொல்லுங்க!"

"வாயை மூடிட்டு உக்காருப்பா! இங்க ஒரு விசாரணை நடக்குது!"

"என் வண்டியில அறுபது பேரு ஏறி உக்காந்திருக்காங்க. அவங்ககிட்டயும் விசாரிக்கறீங்களா?"

முப்பதாவது விசிலில் மேலாளர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். நாற்பத்தொன்றாவதில் கோச்சின் எதிரே நின்றார். கோச் கடைசி விசிலையும் ஊதி, தலையை ஆட்டி, டப்பாவில் எறிந்தார்.

"ஒண்ணுகூட இல்ல சார்."

"வண்டியா?"

"விசில் சார். இந்தப் பணிமனையில இருக்கற ஒவ்வொரு விசிலையும் ஊதிப் பார்த்துட்டேன். அந்தச் சத்தம் எதுலயும் வரல."

மேலாளரின் பார்வை கோச்சின் கழுத்தில் தொங்கிய பித்தளை விசிலில் போய் நின்றது. பிறகு இரண்டு நிற ஷூக்களில் இறங்கியது. அவரும் அன்று ஆட்டம் பார்க்க வந்தவர்தான். பெருமூச்சு விட்டார்.

"காலையில பன்னெண்டாம் நம்பர் வண்டியை இருபத்தொண்ணாம் நம்பர் வழியில அனுப்பியிருக்கீங்க. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவங்க எல்லாம் மார்க்கெட்டுல இறங்கி நிக்கறாங்களாம்."

"டிரைவர் பார்த்து ஓட்டவேண்டாமா சார்?"

"ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்க. போய்த் தூங்குங்க."

"நீங்களுமா சார்!" என்று கத்தினார் கோச்.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் மனத்தில் கணக்கு தெளிவாக முடிந்திருந்தது. நாற்பத்தொரு விசிலிலும் அந்தச் சத்தம் இல்லை. எதிரணிக்காரர்கள் தச்சுப் பட்டறைக்காரர்கள், விசிலே வைத்திருக்கமாட்டார்கள். மிச்சம் ஒரே ஓர் ஆள்தான். கறுப்புக் கால்சட்டை, சாம்பல் சட்டை, நல்ல பையன்.

*

சாயங்காலம் மனைவி ஒரு முடிவோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். மதியம் முழுக்க மகளும் அவளும் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசியிருந்தார்கள். நடுவில் மகள் ஒரு முறை, "அவர்கிட்டயே நேரா சொல்லிடலாம்மா!" என்று குரலை உயர்த்தியதும், "இப்ப இருக்கற நிலையில சொன்னா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாருடி. பதினோரு வருஷக் கனவு" என்று அம்மா அடக்கியதும் வெளியே கேட்கவில்லை. கோச் அப்போது நாற்காலியில் உட்கார்ந்து, புகார்க் கடிதத்தைத் தப்பாகத் தன் அணிக்கே முகவரியிட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. நடுவர் நின்றிருந்தான். துவைத்த சட்டை, வாரிய தலை, தூக்குக்குப் போகிறவன் முகம்.

"மாமா, நான்தான் ஊதினேன்."

கோச்சின் முகம் மலர்ந்தது. இரண்டு நாளில் முதல் முறையாக. "பார்த்தியாடி! நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க, சொன்னீங்க" என்றாள் மனைவி. "பையன்தான் ஒத்துக்கிட்டானே. விட்டுத் தள்ளுங்க. ஞாயித்துக்கிழமை அவங்க வரட்டும்."

"இப்பவாவது தூங்குங்கப்பா" என்றாள் மகள்.

மலர்ந்த முகம் அப்படியே பாதியில் நின்றது. கோச்சின் புருவம் மெதுவாக மேலே ஏறியது.

"அப்ப முந்தாநாள் ஊதலன்னு சொன்னே?"

நடுவர் மகளைப் பார்த்தான். மகள் அம்மாவைப் பார்த்தாள். இவ்வளவு தூரம் அவர்கள் யோசிக்கவில்லை.

"அது வந்து மாமா..."

"ஊதினது ஒரு தப்பு. ஊதலன்னு என்கிட்டயே பொய் சொன்னது ரெண்டாவது தப்பு! பொய் சொல்றவன் நடுவரா? இவன் கையில என் அணியை மட்டுமா, பொண்ணையும் கொடுக்கறதா? நாளைக்கே கூடைப்பந்துச் சங்கத்துல புகார் கொடுக்கறேன். இவன் இனிமே விசிலைக் கண்ணாலகூடப் பார்க்கக் கூடாது!"

"ஏங்க, அவன் வேலையே போயிடுமேங்க!"

"போகட்டும்!"

"அப்பா, அவர் போறார்னா நானும் அவர் கூடவே போறேன்" என்றாள் மகள்.

"போ!"

"போங்கடா எல்லாரும்" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அன்று ராத்திரி கோச் படுத்தார், தூங்கவில்லை. கோபத்தில் புரண்டு புரண்டு, கழுத்து விசில் கயிறு சிக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

*

கூடைப்பந்துச் சங்கத்தின் அலுவலகம் விளையாட்டரங்கப் படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறை. மேலே யாராவது இறங்கினால் கூரை அதிரும். சனிக்கிழமை மதியம் அந்த அறையில் மூச்சுவிட இடமில்லை. மேசைக்குப் பின்னால் செயலர். ஓரத்தில் கணினியில் புகாரைத் தட்டிக்கொண்டிருந்த அலுவலகப் பெண். எதிரே கோச், மனைவி, மகள், நடுவர். சாட்சி சொல்ல வந்த ஐவரும் சுவரோரம் வரிசையாக. சாட்சிக்கு வருவதற்காக மட்டும் அணி மறுபடி ஒன்றுகூடியிருந்தது.

"புகாரைப் படிச்சேன்" என்றார் செயலர். "தம்பி, நீ விசில் ஊதினது உண்மையா?"

"ஆமா சார்."

"ஊதினா ஆட்டத்தை நிறுத்தணுமே. நீ நிறுத்தலையே?"

நடுவர் விழித்தான். "அது... கை தவறி ஊதிட்டேன் சார்."

"விசிலைக் கை தவறி எப்படிப்பா ஊதுவே?"

"வாய் தவறி சார்."

"பொய்யிலகூடக் கவனம் இல்ல பாருங்க!" என்றார் கோச். விசிலைக் கடித்துக்கொண்டே சொன்னதால் நடுவே குருவி கத்தியது. செயலர் அந்த விசிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கோச் சார், உங்க பெஞ்ச் பக்கம் யார்கிட்டயாவது விசில் இருந்துச்சா?"

"என்னோடது இருந்துச்சு. அது எப்பவும் என்கிட்டதான் இருக்கும். அதுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்? திசை திருப்பாதீங்க!"

செயலர் தாடையைத் தடவிக்கொண்டார். "சரி. தம்பி ஒத்துக்கிட்டதால, கையெழுத்துப் போட்டா ரெண்டு வருஷம் தடை. நீங்க கேட்டதும் அதுதான். போடறியாப்பா?"

நடுவர் பேனாவை எடுத்தான். மகள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போடாதீங்க. சார், இவர் ஊதல. இவர் எதுக்காக..."

"நீ சும்மா இரு" என்றான் அவன் தணிந்த குரலில். "பரவாயில்ல. ரெண்டு வருஷம்தானே."

கோச் அதைப் பார்த்தார். பையன் கையெழுத்துப் போட இவ்வளவு அவசரப்படுவானேன்? தூக்கமில்லாத மூளையில் சந்தேகம் மட்டும் நன்றாக வேலை செய்தது.

"நிறுத்துங்க! இதுல வேற என்னமோ இருக்கு. வீடியோ இருக்குன்னாங்களே, அதை முதல்ல போடுங்க."

"வீடியோ வேண்டாங்க" என்றாள் மனைவி.

"வேண்டாம் மாமா" என்றான் நடுவர். "அதான் நான் ஒத்துக்கிட்டேனே."

"வீடியோ எதுக்கு சார்?" என்றாள் நெட்டை.

"அது சரியா எடுக்கல சார்" என்றாள் டயர். எடுத்தது அவள் கணவர். நம் பெஞ்ச்சுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து ஆட்டம் முழுவதையும் படமெடுத்து, யாரையும் கேட்காமல் பெருமையாகச் சங்கத்துக்கு அனுப்பியவரும் அவரே. அதற்காக நேற்று டயரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவரும் அவரே.

"எல்லாரும் சேர்ந்து வேண்டாங்கறீங்க! அப்ப எல்லாருமே கூட்டா?" மேசையை ஓங்கித் தட்டினார் கோச். "போடுங்கம்மா வீடியோவை! இன்னிக்கு உண்மை வெளியே வராம நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கமாட்டேன்!"

அலுவலகப் பெண் கணினியை விட்டு எழுந்து, ஒரு சுருள் வயரோடு மூலையிலிருந்த டிவிக்குப் பின்னால் போனாள். கொஞ்ச நேரம் அவளுடைய முதுகு மட்டும் தெரிந்தது. டிவியில் நீலம் வந்தது, கோடுகள் வந்தன, பிறகு படம் வந்தது.

மேலே படிக்கட்டில் யாரோ இறங்கினார்கள். கூரை அதிர்ந்து அடங்கியது.

கோச் முன்னால் சாய்ந்தார். கண் எரிந்தது. திரையில் மூலைக் கடிகாரம் பதினாலு, பதிமூணு என்று இறங்கியது. நம் பெண்கள் மஞ்சள் சட்டையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு களைத்திருக்கிறார்கள் என்பது இப்போதுதான் தெரிந்தது. டயர் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மீட்டரின் வாய் திறந்தே இருந்தது. கோச்சின் பற்கள் விசிலை அழுத்தின. பன்னிரண்டு. பதினொன்று. பந்து நெட்டையிடம் வந்தது. பிடித்துக்கொள், பிடித்துக்கொண்டே இரு. பத்து. நெட்டை இடதுபக்கம் திரும்பினாள். இடதுபக்கம் டயர். டயரைச் சுற்றி இரண்டு பேர். ஐயோ, அங்கே போடாதே! ஆயிரம் தடவை திருத்திய தப்பு, பதினோரு வருடமாக ஒவ்வொரு காலையும் திருத்திய அதே தப்பு. நெட்டையின் கை உயர்ந்தது. ஒன்பது.

அறையே கிழிகிற மாதிரி ஒரு விசில் கேட்டது.

திரையில் ஐந்து மஞ்சள் சட்டைகளும் அப்படியே நின்றன. சுவரோரத்தில் ஐந்து பெண்களும் அப்படியே நின்றார்கள். மீட்டர் வாய் வரை கொண்டுபோன தண்ணீர் பாட்டில் காற்றிலேயே நின்றது. டயர் சொறியப்போன கை காதருகே நின்றது.

கோச் நாற்காலி பின்னால் விழ எழுந்தார். வாயிலிருந்த விசில் நழுவி நெஞ்சில் வந்து மோதியது.

"கேட்டீங்களா! கேட்டீங்களா எல்லாரும்! இதேதான்! இந்தச் சத்தம்தான் மூணு நாளா என் காதுல நின்னுச்சு! நாப்பத்தொரு விசிலை ஊதிப் பார்த்தேனே, ஒண்ணுலயாவது வந்துச்சா? எவ்வளவு பக்கத்துல கேக்குது பாருங்க, இந்த அறைக்குள்ளயே ஊதின மாதிரி! இப்ப சொல்லுங்க, ஊதினது யாரு? யாருன்னு ஒருத்தராவது வாயைத் திறந்து சொல்லுங்க!"

செயலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நடுவரின் கையிலிருந்த பேனா மெதுவாக மேசைக்கு இறங்கியது.

டிவிக்குப் பின்னாலிருந்து அலுவலகப் பெண்ணின் தலை எழுந்தது. ஒரு கையில் ஒரு வயர், மறு கையில் இன்னொரு வயர்.

"ஒரே நிமிஷம் பொறுத்துக்கங்க சார். படம்தான் வந்திருக்கு, சத்தம் இன்னும் வரல."